மூச்சும் குறியும்

முன்னாள் மாணவர் சந்திப்பின் முதல் நாள் காலை, வட்டக்கோட்டையில் பேசியதன் எழுத்து வடிவம் இது. பேசும்போது விட்டுப்போன சில எண்களை மட்டும் எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.



பேசச் சொல்லிச் செயலாளர் அண்ணன் போன் செய்தபோது, "ஸ்லைடு போட்டுப் பேசலாமா?" என்று கேட்டேன். "கோட்டைக்குள்ள ஏதுடே பிளக் பாயிண்ட்? வாயால பேசு" என்றார். ஆகவே படம் கிடையாது. கடல் இருக்கு, கோட்டைச் சுவர் இருக்கு, உங்க ஒவ்வொருத்தர் வயிறும் இருக்கு. இந்த மூன்றையும் வைத்தே ஒப்பேற்றிவிடுகிறேன்.

இந்தக் கோட்டைக்குப் பேர் வட்டக்கோட்டை. ஆனா இப்போ சுற்றி நடந்து வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், இது வட்டமே இல்லை. ஏறக்குறையச் செவ்வகம். 1741-ல் குளச்சல் சண்டையில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய்தான், பிறகு அதே ராஜாவின் படைத்தளபதியாகி இதை இந்தக் கருங்கல் உருவத்துக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். பேரை மட்டும் நம்பி வட்டம் என்று வரைபடம் போட்டால் தப்பாகப் போயிருக்கும். நான் பேச வந்த விஷயத்திலும் இப்படி ஒரு தப்பு இருக்கு. அதைச் செய்தவன் நான்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

என் வேலை என்னவென்று என் அம்மாவுக்கே ரொம்ப நாள் புரியவில்லை. ஆஸ்பத்திரிகளில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் மெஷின்களை நிறுவுவது, சரிபார்ப்பது, கெட்டுப்போனால் ராத்திரி 2 மணிக்கு ஓடுவது. நம்ம ஊர்ப்பக்கம் இதைக் "கரண்ட் வைக்கிறது" என்று சொல்வார்கள். "எம் மவன் கரண்டு வைக்கிற மெசின்ல வேல பாக்கான்" என்று அம்மா சொல்ல, பக்கத்து வீட்டு ஆச்சி தன் வீட்டு ஃபேன் ஓடவில்லை என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டு போன கதையும் உண்டு. கரண்ட் இல்லை, எக்ஸ்ரேதான். நெஞ்சுப் படம் எடுக்கும் எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு ஆற்றல் உள்ளது. பல திசைகளிலிருந்து மெல்லிய கற்றைகளாக அனுப்பி, எல்லாம் ஒரே இடத்தில் சந்திக்கும்படி செய்கிறோம். ஒவ்வொரு கற்றையும் போகும் வழியில் கொஞ்சம்தான் கெடுதல் செய்யும். சந்திக்கும் இடத்தில் கட்டி செத்துப்போகும். கத்தி இல்லை, ரத்தம் இல்லை, மயக்க மருந்தும் இல்லை.

மூளையில் கட்டி என்றால் இது ஒப்பீட்டில் சுலபம். மண்டையோட்டை அசையாமல் பிடித்துவிட்டால் உள்ளே இருப்பதும் அசையாது. ஸ்வீடன் நாட்டு லார்ஸ் லெக்ஸல் 1968-லேயே காமா நைஃப் என்று அதைச் செய்து காட்டிவிட்டார். கழுத்துக்குக் கீழே வந்தால்தான் வம்பு. ஏன் என்று நீங்களே பாருங்க.

எல்லோரும் ஒரு கையை நெஞ்சில் வையுங்க. இன்னொரு கையை வயிற்றில், தொப்புளுக்கு மேலே. வெட்கப்பட வேண்டாம், தொப்பை எல்லோருக்கும் வந்துவிட்டது. சாதாரணமா மூச்சு விடுங்க. எந்தக் கை அதிகம் அசைகிறது? சிலருக்கு மேல் கை, சிலருக்குக் கீழ்க் கை. பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுப் பாருங்க, ஒத்துப்போகாது. இப்போ ஒரு பெருமூச்சு விடுங்க. அதுவரை இருந்த தாளம் போச்சா? இந்தக் கைகளை மறந்துவிடாதீங்க, திரும்ப வரும்.

உள்ளே என்ன நடக்கிறது என்றால், நுரையீரலுக்கு அடியில் உதரவிதானம் என்று ஒரு தசைத் தட்டு இருக்கு. மூச்சை இழுக்கும்போது அது கீழே இறங்கும். நுரையீரலின் கீழ்ப்பகுதி, கல்லீரல், கணையம், சிறுநீரகம் எல்லாம் அதோடு சேர்ந்து மேலும் கீழும் போய் வரும். சும்மா படுத்திருக்கும்போதே 1 செ.மீ., 2 செ.மீ. சாதாரணம். சிலருக்கு 3-ஐத் தொடும். நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் 4 வினாடிக்கு ஒரு தடவை. நாங்களோ மெஷினை மில்லிமீட்டர் சுத்தத்தில் நிறுத்தி வைத்திருக்கிறோம். 2006-ல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் 76-ஆம் எண் பணிக்குழுவின் அறிக்கை வந்தது. அசைவு 5 மி.மீ.க்கு மேல் போனால் சும்மா விடாதீர்கள், ஏதாவது செய்யுங்கள் என்றது.

சரி, என்ன செய்யலாம்? சுவர் மேல் ஏறிக் கடலைப் பாருங்க. ஒரு வள்ளம் அலையில் ஏறி இறங்குகிறது. இந்தச் சுவர் மேல் ஒரு பீரங்கி இருக்கு என்று வைத்துக்கொள்ளுங்க. அதில் இருப்பது எதிரி. சுற்றிலும் நம்ம ஊர்க்காரங்க மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவங்க மேல் படக்கூடாது.

முதல் வழி, வள்ளம் போய் வருகிற இடம் முழுக்கச் சுட்டுத் தள்ளுவது. குறி தப்பாது. ஆனா நம்ம ஆளும் சேர்ந்து போவான். இதற்கு ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், தம்பிகள் வீட்டில் போய்ச் சரிபார்க்கலாம். 3 செ.மீ. விட்டமுள்ள உருண்டைக் கட்டி. கன அளவு 14 க.செ.மீ. அது மேலும் கீழும் 2 செ.மீ. போய் வந்தால், அது தொட்டுப் போகும் மொத்த இடம் 28 க.செ.மீ. சரியாக இரண்டு மடங்கு! அதாவது நாம் எரிப்பதில் பாதி கட்டியே இல்லை, நல்ல நுரையீரல். இருந்தாலும் இந்த முறையை நான் குறை சொல்ல மாட்டேன். மூச்சின் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகக் காட்டும் நாற்பரிமாண ஸ்கேன் 2003-ஐ ஒட்டிப் புழக்கத்துக்கு வந்தபிறகு, வள்ளம் எங்கிருந்து எங்கே போகிறது என்றாவது துல்லியமாகத் தெரிந்தது. அசைவு சின்னதாக இருந்தால் இதுவே போதும். உலகத்தில் பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் இதைத்தான் செய்கின்றன, நன்றாகவே செய்கின்றன.

இரண்டாவது, வள்ளத்தையே ஆடவிடாமல் செய்வது. 1990களின் தொடக்கத்தில் ஸ்டாக்ஹோமில் லாக்ஸ், ப்ளோம்க்ரென் என்ற இருவர் வயிற்றின் மேல் ஒரு தட்டை வைத்து அழுத்தினார்கள். மூச்சு மேலாக ஓடும், அசைவு குறையும். கேட்க முரட்டுத்தனமாக இருக்கும், ஆனா வேலை செய்கிறது. இதன் தம்பி முறைதான் மூச்சைப் பிடித்துக்கொள்வது. இடது மார்பில் புற்றுநோய் வந்த பெண்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம். ஆழமாக மூச்சை இழுத்து 15, 20 வினாடி பிடித்தால் நுரையீரல் ஊதி, இதயம் கதிரின் பாதையைவிட்டு விலகிப் போகும். பல வருடம் கழித்து வரக்கூடிய இதய நோயைத் தவிர்க்கச் செலவில்லாத வழி. நெஞ்சில் மூச்சு இருந்தால் போதும்.

ஆனா எல்லோராலும் பிடிக்க முடியுமா?

மூச்சு என்றதும் நம் மாவட்டத்துக்காரர் ஒருவர் ஞாபகம் வருகிறார். நாகர்கோவிலைத் தாண்டி மேற்கே போனால் நெய்யூர். அங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் 20 வருடத்துக்கும் மேல் சர்ஜனாக இருந்தவர் ஹோவர்ட் சாமர்வெல் என்ற ஆங்கிலேயர். 1922-ல் எவரெஸ்ட் ஏற வந்தவர், ஊர் சுற்றிப் பார்க்க நெய்யூருக்கு வந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். 1924-ல் லீவு போட்டுவிட்டு மறுபடி எவரெஸ்ட் போனார். ஜூன் 4-ஆம் தேதி, ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல், 8,500 மீட்டர் அளவுக்கு ஏறினார். இறங்கும்போது தொண்டையின் உள்சவ்வு உரிந்து மூச்சுக்குழாயை அடைத்துவிட்டது. செத்தோம் என்று பனியில் உட்கார்ந்தவர், கடைசியாக இரண்டு கையாலும் தன் நெஞ்சை அழுத்தி இருமி, அதை வெளியே தள்ளிப் பிழைத்தார். அந்த நெய்யூரில் இன்று புற்றுநோய்க்கென்றே ஒரு மையம் இருக்கு. விஷயத்துக்கு நேர்சம்பந்தம் இல்லைதான். ஆனா மூச்சைப் பிடி, விடு என்று ஒரு நோயாளியிடம் நாம் எவ்வளவு சுளுவாகச் சொல்கிறோம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

மூன்றாவது வழி, காத்திருப்பது. வள்ளம் அலையின் அடியில் வரும்போது மட்டும் சுடு, மற்ற நேரம் நிறுத்து. 1980களின் கடைசியில் ஜப்பானில் ஸுகூபா பல்கலைக்கழகத்தில் இதை ஆரம்பித்தார்கள். மூச்சை முழுதும் வெளியே விட்டபின் உடம்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருக்குமே, அந்த இடைவெளியில் மட்டும் கதிர். ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் ஷிராட்டோவின் குழு ஒரு படி மேலே போய், கட்டிக்குப் பக்கத்தில் 2 மி.மீ. தங்க மணியை வைத்து, வினாடிக்கு 30 தடவை எக்ஸ்ரேயில் பார்த்து, மணி சரியான இடத்துக்கு வந்தால்தான் கதிரைத் திறந்தார்கள். 1999-ல் அது வெளியானபோது பெரிய பேச்சாக இருந்ததாம். கஷ்டம் என்னவென்றால் நேரம். கதிர் பாதி நேரத்துக்கு மேல் மூடியே இருக்கும்.

நான்காவதுதான் நம்ம ஆட்களுக்குப் பிடித்தது. பீரங்கியையே வள்ளத்தோடு ஆட்டுவது.

லெக்ஸலிடம் பயின்ற ஜான் ஆட்லர் என்ற மூளை சர்ஜன், ஸ்டான்ஃபோர்டில் ஒரு சின்ன லினாக்கை ரோபாட் கையின் நுனியில் மாட்டினார். கார் ஃபேக்டரியில் வெல்டிங் செய்யுமே, அதே ஆறு மூட்டு ரோபாட். அதுதான் சைபர்நைஃப். 1994-ல் முதல் நோயாளி. முதலில் தலைக்கு மட்டும்; 2001-ல் உடம்பு முழுவதற்கும் அனுமதி கிடைத்தது. சென்னை அப்போலோவுக்கு 2009-ல் வந்தது. அப்போது நான் நம் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு, அரியர் இரண்டு.

எப்படிப் பின்தொடர்கிறது என்று சொல்கிறேன். தொடர்ந்து எக்ஸ்ரே எடுத்துக்கொண்டே இருந்தால் நோயாளிக்கு வேண்டாத கதிர் போகும். அதனால் நெஞ்சில் மூன்று சின்ன விளக்குகளை ஒட்டுவோம். கூரையில் இருக்கும் கேமரா அந்த விளக்குகளின் ஏற்ற இறக்கத்தை விடாமல் பார்க்கும். இடையிடையே மட்டும் எக்ஸ்ரே எடுத்து, உள்ளே தங்க மணி எங்கே இருக்கு என்று பார்க்கும். வெளியே விளக்கு இங்கே இருந்தபோது உள்ளே கட்டி அங்கே இருந்தது என்று பல ஜோடிப் புள்ளிகள் கிடைக்கும். அவற்றைக் கோர்த்து ஒரு சமன்பாடு. அதன்பிறகு விளக்கைப் பார்த்தே கட்டியை ஊகித்துக்கொண்டு ரோபாட் கூடவே ஆடும்.

இங்கேதான் நம் ப்ராசஸ் கண்ட்ரோல் ஸார் வருகிறார். முன் வரிசையில் இருக்கிறார், பேர் சொன்னால் எழுந்து போய்விடுவார். "டெட் டைம், டெட் டைம்" என்று அந்த வெந்நீர்த் தொட்டியைக் காட்டி அவர் கத்தினது ஞாபகம் இருக்கா? ஹீட்டரைப் போட்டால் உடனே சென்ஸாரில் தெரியாது, தெரியும்போது நீ தாமதமாகிவிட்டாய் என்பார். நாங்கள் அப்போது வெளியே பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கேமரா பார்த்து, கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, அத்தனை கனமான ரோபாட் கை நகர்ந்து முடிக்க 0.1-லிருந்து 0.2 வினாடி ஆகும். சின்ன நேரம்தானே? 2 செ.மீ. அசைவு, 4 வினாடி மூச்சு என்றால், நடுவில் கட்டியின் வேகம் வினாடிக்கு 16 மி.மீ. 0.2 வினாடியில் 3 மி.மீ. தள்ளிப் போயிருக்கும். மெஷினின் சுத்தம் ஒரு மில்லிமீட்டருக்குள் என்று விளம்பரம் கொடுத்துவிட்டு, தாமதத்திலேயே 3-ஐ விட்டுவிட்டால் என்ன பிரயோசனம்? ஆகவே கட்டி இப்போ எங்கே என்பது போதாது, அடுத்த 0.2 வினாடியில் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஸார் சொல்லிக்கொடுத்த ப்ரெடிக்டர்தான், கொஞ்சம் புத்திசாலியான உடை போட்டது.

என் மாமா அரசு பஸ் டிரைவராக இருந்தவர். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாசக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "காத்து வந்தப் பொறகு ஸ்டீரிங்கத் திருப்புனா வண்டி வயலுக்குள்ள நிக்கும் மக்கா. மலைமறைப்பு தீருததுக்கு முன்னாலயே பிடிச்சிரணும் கேட்டியா" என்பார். ப்ரெடிக்‌ஷனுக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

அந்த மாமா கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அஞ்சுகிராமம் பக்கம் எங்க ஊர். இந்தக் கோட்டைக்கு மாமா சைக்கிளில் வைத்துக் கூட்டிவந்த நாள்கள் உண்டு. 71 வயதில் இருமல் நிற்கவில்லை. ஸ்கேனில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் ஒரு கட்டி. பீடி, சிகரெட் இரண்டும் உண்டு, ஒளிப்பானேன். நுரையீரல் பலவீனமாக இருந்ததால் ஆபரேஷன் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். கதிர்தான் வழி. மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். 6 வினாடிக்கு மேல் முடியவில்லை. "மூச்சு அசையக்கூடாதுன்னா எப்பிடிலே? செத்தவனுக்குத்தான் அசையாது" என்றார். வயிற்றுத் தட்டு வைத்தால் மூச்சு முட்டியது. அசைவோ 18 மி.மீ. அப்படியானால் பின்தொடரும் மெஷின் என்று முடிவாயிற்று. அப்படி ஒன்றை ஒரு நகரத்து ஆஸ்பத்திரியில் நானே நிறுவிச் சரிபார்த்திருந்தேன். ஊர் பேர் வேண்டாம். எங்க குடும்பத்தில் அன்றைக்கு எனக்கு இருந்த மதிப்பைச் சொல்லி மாளாது. "நம்ம பய மெசின்லதான் வைக்கப் போறாவோ" என்று அத்தை ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

ஊசி வழியாகத் தங்க மணி வைத்தார்கள். "இத அப்பொறம் எடுத்துத் தருவாவளா, இல்ல அவிஞ்சே போயிருமா?" என்று மாமா விசாரித்தார். 5 தடவை சிகிச்சை.

முதல் தடவை நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் தடவைக்கு ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கி, காலையில் நேராக மேஜைக்கு. பத்து நிமிடம் ஓடியது, நின்றது. உள்ளே மணி இருந்த இடமும், விளக்கைப் பார்த்து மெஷின் ஊகித்த இடமும் ஒத்துப்போகவில்லை. மறுபடி படம் எடுத்து, சமன்பாட்டைச் சரிசெய்து, ஓட்டினோம். நின்றது. மறுபடி. ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது. முதுகு வலி உள்ள மனுஷன், கட்டைபோல் படுத்திருக்கிறார். மைக்கில் குரல் கேட்கிறது: "முடிஞ்சா மக்கா?" ஐந்தாவது தடவை கேட்டபோது என்னால் தாங்க முடியவில்லை. மெஷின் எந்த அளவு பிசகினால் தானாக நிற்க வேண்டும் என்று ஒரு வரம்பு இருக்கும். பக்கத்தில் இருந்த மருத்துவ இயற்பியலாளரிடம், "மேடம், அந்த லிமிட்டை ஒரு 2 மில்லிமீட்டர் தளர்த்தினா முடிஞ்சிரும். நான் டெஸ்ட் பண்ணியிருக்கேன், மெஷின் நல்ல மெஷின்" என்றேன்.

என்னைவிட நாலைந்து வயது சின்னவர். திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "எதை வச்சு டெஸ்ட் பண்ணீங்க?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. எதை வைத்து? ஒரு பிளாஸ்டிக் பொம்மையை மோட்டார் மேடையில் வைத்து. மேடை அப்படியே சைன் வேவ் மாதிரி போய் வரும். இழுப்பும் விடுதலும் ஒரே அளவு. பெருமூச்சு கிடையாது, இருமல் கிடையாது, அசதி கிடையாது. அதில் பிழை அரை மில்லிமீட்டர் என்று ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். அப்படி மூச்சு விடுகிற மனுஷன் உலகத்தில் இல்லை. இழுக்கும்போது கட்டி போகிற வழி ஒன்று, விடும்போது திரும்பி வருகிற வழி வேறொன்று என்பதை ஹொக்கைடோக்காரர்கள் 2002-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். அதைப் படித்தும் இருந்தேன். படித்ததும் செய்ததும் வேறு வேறு. வட்டக்கோட்டை என்று பேரைப் பார்த்து வட்டம் போட்டவன் கதைதான்.

அந்த அம்மா லிமிட்டைத் தொடவில்லை. மாமாவை மேஜையிலிருந்து இறக்கி உட்காரவைத்தார். அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஐந்து நிமிடம் அவர் மூச்சு விடுவதையே பார்த்தார். வேறொன்றும் செய்யவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, "ராத்திரி தூங்கலை. மேஜையில படுத்ததும் பாதித் தூக்கத்துக்குப் போறார். தூக்கம் வந்தா நெஞ்சு அசையறது நின்னு வயிறுதான் அசையுது. நீங்க விளக்கை எங்கே ஒட்டியிருக்கீங்க?" என்றார்.

மூன்றும் நெஞ்சில். நீங்க ஆரம்பத்தில் வைத்தீர்களே இரண்டு கை, மேல் கையை மட்டும் நம்பி நான் கீழ்க் கையை மறந்துவிட்டேன்.

இரண்டு விளக்கை வயிற்றுப் பக்கம் இறக்கினோம். மாமாவுக்கு ஒரு டீ. தூங்காமல் இருக்க என்ன செய்வது என்று யோசித்தபோது, அவரே "பழைய பாட்டு ஏதாச்சும் போடேன்" என்றார். 20 நிமிடம் கழித்துப் புதிதாகப் படம் எடுத்து, சமன்பாட்டை அடியிலிருந்து கட்டி, மறுபடி ஆரம்பித்தோம். இடையில் ஒரு இருமலுக்கு மட்டும் நின்றது. நிற்க வேண்டியதுதான்.

அன்று லிமிட்டைத் தளர்த்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. அல்லது கட்டியின் ஓரம் ஒன்று தப்பிப் பிழைத்து, ஒரு வருடம் கழித்து ஸ்கேனில் வந்து நின்றிருக்கும். அதற்கு யார் காரணம் என்று யாருக்கும் தெரிந்தும் இருக்காது. அதுதான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது. மாமா அதற்கப்புறம் இரண்டரை வருடம் இருந்தார். அந்தக் கட்டி திரும்ப வரவில்லை. போனது மாரடைப்பில், வீட்டுத் திண்ணையில்.

இதைக் கேட்டுவிட்டுப் பின்தொடரும் மெஷின்தான் உசத்தி, மற்றது மட்டம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மூச்சைப் பிடிக்க முடிந்தவருக்கு அதுவே நல்லது. என் தனிப்பட்ட அபிப்பிராயம், நம்ம ஊரில் பல இடங்களில் இப்போ குறையாக இருப்பது ரோபாட் இல்லை. நோயாளியோடு உட்கார்ந்து அரைமணி நேரம் மூச்சுப் பழக்கிவிடுகிற ஆள். திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் நம் மாவட்டத்திலிருந்து எத்தனையோ பேர் போகிறார்கள். மேஜையில் படுத்ததும் ஸ்பீக்கரில் "ப்ரீத் இன், ஹோல்ட்" என்று குரல் வந்தால் பாதிப் பேர் பயத்திலேயே மூச்சை விட்டுவிடுகிறார்கள். நான் வேலை பார்க்கும் இரண்டு இடங்களில் தமிழில் பதிவு செய்து போட வைத்திருக்கிறேன். முதலில் செய்தித்தமிழில் "மூச்சை உள்ளிழுக்கவும்" என்று போட்டோம். சிரித்துவிட்டார்கள். சிரித்தால் வயிறு குலுங்கும், சிகிச்சை நிற்கும். இப்போ "மூச்ச இழுங்க... பிடிங்க... விட்ருங்க" என்று ஒரு நர்ஸ் அக்கா குரல். நன்றாகப் போகிறது.

தம்பி தங்கைகளுக்காக இன்னும் ஓரிரு விஷயம். சென்னை தரமணியில் 2019-ல் ப்ரோட்டான் மையம் திறந்தார்கள். எக்ஸ்ரே உடம்பைத் துளைத்து மறுபக்கம் போய்விடும். ப்ரோட்டான் ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் நின்றுவிடும். அதுதான் அதன் பெருமை, மூச்சு விஷயத்தில் அதுதான் தலைவலியும். விலா எலும்பு ஒன்று குறுக்கே வந்தால்கூட நிற்கும் ஆழம் மாறிவிடும். அடுத்தது ஒலி. ஒலி அலைகளைக் குவித்தே கல்லீரல் கட்டியைச் சிதைக்கும் ஹிஸ்டோட்ரிப்ஸி முறைக்கு 2023 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். கதிரும் இல்லை, ஊசியும் இல்லை. ஆனா மூச்சை என்ன செய்கிறார்கள் தெரியுமா? நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தி வென்டிலேட்டரில் போட்டு மூச்சைத் தங்கள் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். அதாவது வள்ளத்தைக் கட்டிப்போடுகிறார்கள். முழிப்பாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற ஆளின் கல்லீரலை ஒலியால் பின்தொடர்ந்து அடிப்பது இன்னும் சாதாரணமாகிவிடவில்லை. அங்கே வேலை மிச்சம் இருக்கு. அதற்கு டாக்டர் படிப்பு வேண்டாம், ஸாருடைய வெந்நீர்த் தொட்டி போதும்.

ஒரு சின்னக் காரியம் செய்துவிட்டுப் போகிறேன். நம் டிபார்ட்மெண்ட் லேபுக்கு ஒரு மோட்டார் மேடை செய்து கொண்டுவந்திருக்கிறேன். ஸ்டெப்பர் மோட்டார், ஒரு திருகு கம்பி, ஒரு சின்னக் கண்ட்ரோல் போர்டு. நான் பொம்மையை வைத்து ஆட்டியதே, கிட்டத்தட்ட அதுதான். ஆனா இது சைன் வேவில் ஓடாது. மாமாவின் மூச்சுப் பதிவில் ஓடும். அவர் இருக்கும்போதே கேட்டேன், "காலேஜ் பிள்ளேளு படிக்கதுக்கா? தாராளமா குடு" என்றார். 14 நிமிடப் பதிவு. 0.2 வினாடி முன்னால் சொல்லும் ப்ரோகிராம் ஒன்றை யார் வேண்டுமானாலும் எழுதிப் பார்க்கலாம். முதல் மூன்று நிமிடம் எல்லோருடையதும் அழகாகப் போகும். நாலாவது நிமிடத்தில் தூக்கம் வரும், தாளம் மெல்லக் கீழே இறங்கும். ஏழாவது நிமிடம் தாண்டியதும் ஒரு பெரிய இருமல் இருக்கு. நான் எழுதினது அங்கேதான் மாட்டிக்கொண்டது. உங்களுடையது எப்படிப் போனது என்று எனக்கு எழுதுங்கள். முகவரி சங்கத்தில் இருக்கு.

சாப்பாட்டு வேன் வந்துவிட்டது என்று செயலாளர் அண்ணன் கை காட்டுகிறார்.